தோள் வெளியே வந்த நொடி

டன்லப் கிரீக், வயோமிங்
14 ஜூலை 1986

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் வெர்னா மேப்ரி அவர்களுக்கு,

இக்கடிதத்தில் நான்கு செய்திகள் உள்ளன. ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க முதலிலேயே பட்டியலிடுகிறேன்.

1. சனிக்கிழமை நடந்த ரோடியோ பற்றி என் கருத்து. நீங்கள் கேட்டதால் மட்டும்.
2. நான் பாதியில் எழுந்து போனதற்குக் காரணம்.
3. டக்கர் ப்ரூயிட்டின் சவாரி நேரம் பற்றி ஓர் ஐயம்.
4. அடுத்த ஆண்டு என்னை அழைக்க வேண்டாம் என்னும் வேண்டுகோள்.

முதலாவது. நார்வேயிலிருந்து இங்கு வந்து ஒன்பது கோடைகள் ஆகின்றன. எட்டுக் கோடைகளில் தப்பித்துவிட்டேன். பல்வலி, வைக்கோல் தூசி, எழுத வேண்டிய கடிதங்கள், மறுபடியும் பல்வலி. இம்முறை என் மகள் மாரிட் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் மகன் டெல் எஞ்சினை ஓடவிட்டிருந்தார். ஏறிவிட்டேன்.

ஒரு மணிக்கு ஒருவர் ஒலிபெருக்கியில் கடவுளிடம் யாருடைய எலும்பும் முறியாமல் காக்கும்படி வேண்டினார். அனைவரும் வீட்டிலேயே இருந்திருந்தால் கடவுளுக்கு இந்த வேலை இருந்திருக்காது. பிறகு டயர் வியாபாரியின் பெயர் பொறித்த கொடியோடு ஒரு பெண் குதிரையில் பறந்தாள். அதற்கும் எழுந்து நின்றோம். ஐந்து வயதுக் குழந்தைகளை ஆடுகளின் மேல் ஏற்றி விரட்டினார்கள். குழந்தை மண்ணில் விழுந்தது, கூட்டம் சிரித்தது, அடுத்த குழந்தை வந்தது. வளர்ந்த ஆண்கள் இருவர் ஒரு காட்டுப் பசுவைத் துரத்திப் பிடித்துப் பீர் பாட்டிலில் நாலு சொட்டுப் பால் கறந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பல் மருத்துவர். இனி அவர் முன் எப்படி வாயைத் திறப்பேன் என்று தெரியவில்லை. குதிரையின் பின்னிடுப்பில் பட்டையை இறுக்குகிறார்கள். அது துள்ளியதும் பிறவி முரடு என்று அறிவிக்கிறார்கள். கோமாளி வேடமிட்டவர் மாமியாரைப் பற்றிச் சொன்ன நகைச்சுவை என் தாத்தா காலத்தில் நார்வேயிலேயே செத்துப்போனது. அதற்கு மாரிட் சிரித்தாள். அவளுக்கு லத்தீன் கற்றுக்கொடுத்தவன் நான்.

இது என் குறையாகவும் இருக்கலாம். பனிச்சறுக்குப் பலகையில் மலையிலிருந்து குதிப்பவர்களைக்கூட நான் ரசித்ததில்லை. ஆனால் அவர்கள் யாரும் ஆட்டைக் கூப்பிடுவதில்லை.

இரண்டாவது. வெயில் கடுமையாக இருந்ததால் குடையை விரித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பெரியவரே, மழை வர்றதா இருந்தா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். பாதிரியாரின் மனைவி உட்படச் சிரித்தார்கள். குடையை மடக்கினால் பயந்தவன் ஆவேன், மடக்காவிட்டால் அடம்பிடிப்பவன் ஆவேன். ஆகவே எழுந்து போய்விட்டேன்.

மூன்றாவது. நார்வேயின் பெர்கனில் பள்ளி ஓட்டப் பந்தயங்களுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் நேரம் பார்த்த ஸ்டாப்வாட்ச் என் பையில் இருந்தது. பொழுது போவதற்காக முரட்டுக் குதிரைச் சவாரிகளின் நேரத்தை எடுத்தேன். எட்டு நொடி தாங்கினால்தான் புள்ளி என்றும், எட்டாவது நொடியில் மேடையிலிருந்து நீங்கள் பஸ்ஸரை அழுத்துவீர்கள் என்றும் டெல் சொல்லியிருந்தார். டக்கர் ப்ரூயிட் குதிரைக் கூண்டுகளின் நான்காம் கதவிலிருந்து வந்தான். கதவு திறந்ததிலிருந்து அவன் விழுந்தது வரை என் கணக்கில் எட்டு நொடியும் பத்தில் நாலும். பஸ்ஸர் ஒலிக்கவில்லை. அவனுக்குப் புள்ளி இல்லை என்றார்கள்.

பக்கத்தில் இருந்தவர் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவர் டக்கரின் தந்தை ஹார்லன் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்களோடு வழக்கமாக நேரம் பார்ப்பவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாராம், மேடையில் நீங்கள் ஒருவரே. எங்காவது அரை நொடி தவறியிருக்குமா?

நான்காவது மேலே சொன்னதுதான்.

தங்கள்,
ஐவின்ட் ஸ்கார்


மேப்ரி பண்ணை
17 ஜூலை

வாத்தியாருக்கு,

போன்ல பேசலாம்னா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூணு நிமிஷம் யோசிக்கிறீங்க. யோசிக்கிற நேரத்துல நான் வெச்சிடுவேன். அதனால எழுதறேன்.

உங்க நம்பர்களை வெச்சு அழகா எழுதியிருந்தீங்க. ஒண்ணு, ரெண்டு, நாலு இதைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. ரோடியோ உங்களுக்குப் பிடிக்கலைன்னு குதிரைங்க அழப் போறதில்ல. ஆனா மூணாவது இருக்கே, அதை எனக்கு எழுதறதுக்கு முன்னாடி ஹார்லன் ப்ரூயிட் காதுல ஓதியிருக்கீங்க.

இது மூணு வயசுப் பிள்ளைக்கும் தெரியும், இருந்தாலும் சொல்றேன். கதவு திறக்கறது கணக்கில்ல. குதிரையோட முன்னந்தோள் கதவுக்கோட்டைத் தாண்டி வெளிய வரணும். அந்த நொடியிலதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஓட்டப் பந்தயத்துல துப்பாக்கி சுட்டா ஓடுவான். குதிரைக்குத் துப்பாக்கி கிடையாது, அது நினைச்சாத்தான் வரும். டீக்கன்னு பேரு அந்தக் குதிரைக்கு. கதவு திறந்ததும் காதைப் பின்னால மடிச்சுக்கிட்டு ஒரு நொடி அப்படியே நின்னுது. அப்புறந்தான் வெளிய பாய்ஞ்சுது. நீங்க கதவுல அழுத்திட்டீங்க, நான் தோள்ல அழுத்தினேன். என் கணக்குல பையன் விழுந்தது ஏழு புள்ளி நாலுல. ஒன்பது வருஷம் இந்த ஊர்ல சாப்பிட்டிருக்கீங்க, இது தெரியல.

தெரியாம இருந்தா பரவாயில்ல. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஹார்லன் கமிட்டிக்குப் புகார் குடுத்துட்டான். "வெளிநாட்டு வாத்தியார் ஒருத்தர், யாருக்கும் வேண்டியவர் இல்ல, கையில ஸ்டாப்வாட்ச், எட்டு புள்ளி நாலு"ன்னு. சாட்சி நீங்க. டக்கர் ஒரு வார்த்தை பேசல. இந்த சவாரியில புள்ளி வந்திருந்தா செப்டம்பர்ல மாநிலப் போட்டிக்குப் போயிருப்பான், ஆனாலும் பேசல. சவாரி பண்ணினவன் கடிகாரத்தைக் குறை சொல்லக் கூடாது, இங்க அதுதான் மரியாதை. அப்பனுக்கு அந்த மரியாதை இல்ல.

29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கூட்டம். என்னை அந்த நாற்காலியில வெச்சுக்கறதா வேண்டாமான்னு ஏழு பேர் கை தூக்கப் போறாங்க. வந்து, எங்க தப்புப் பண்ணினீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. குடை வேண்டாம், கூட்டம் கூரைக்குக் கீழதான்.

வெர்னா


டன்லப் கிரீக்
20 ஜூலை

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாளுக்கு,

தோள் பற்றிய விதியை டெல்லிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. நான் கதவில் அழுத்தியது தவறு. எந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்று கேட்காமல் அளந்த மாணவனுக்கு நான் சுழியம் போட்டிருப்பேன்.

ஹார்லனிடம் ஏன் சொன்னேன் என்றும் யோசித்தேன். இந்த ஊரில் ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நலமா என்று கேட்பார்கள், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். அன்று ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "எவ்வளவுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். பத்தில் நாலைக்கூட விடாமல் சொன்னேன். அவ்வளவுதான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கூட்டத்துக்கு வர என்னால் இயலாது. முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பில் பேசியவன்தானே என்பீர்கள். மாணவர்களால் எழுந்து போக முடியாது, அதனால் பேசினேன். பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. என் திருமணத்தில்கூட என் அண்ணன்தான் நன்றியுரை சொன்னார். கமிட்டிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி இதனுடன் வைத்துள்ளேன். அளவை முறையின் பிழை, அதன் காரணம், திருத்தம் மூன்றும் அதில் உள்ளன. படம் ஒன்றும் வரைந்துள்ளேன். தலைவர் கஸ் ஹட்டோவிடம் கொடுத்தால் போதும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பாலம் கட்டுவதற்குக்கூட பெர்கன் நகராட்சி இவ்வளவு பரபரத்ததில்லை. ஒரு பையன் குதிரையிலிருந்து பத்தில் எத்தனை நொடியில் விழுந்தான் என்று தீர்மானிக்க ஏழு ஆண்கள் தலைசீவிக்கொண்டு வருகிறார்கள். இதற்காக நீங்கள் கலங்குவது எனக்கு விளங்கவில்லை. வெயிலில் ஒரு மர நாற்காலி, அவ்வளவுதானே அது?

தங்கள்,
ஐவின்ட் ஸ்கார்


மேப்ரி பண்ணை
24 ஜூலை

வாத்தியாருக்கு,

உங்க ரெண்டு பக்கத்தைத் திருப்பி அனுப்பறேன். படம் நல்லா இருக்கு, ஆனா அந்தக் குதிரை நாய் மாதிரி இருக்கு.

கமிட்டியில கடிதாசி படிக்கமாட்டாங்க. கடிதாசிக்கு முகம் கிடையாது, கேள்வி கேட்டா முழிக்காது. இங்க ஒருத்தன் சொன்னதை மாத்திச் சொல்லணும்னா எழுந்து நின்னு, தொப்பியைக் கழட்டி, எல்லார் மூஞ்சியையும் பார்த்துச் சொல்லணும். ஹார்லன் காதுல சொன்னப்ப வாய் இருந்துது இல்ல, அதே வாயைக் கொண்டு வாங்க.

மர நாற்காலி அவ்வளவுதானேன்னு கேட்டிருக்கீங்க. பதில் சொல்றேன், ஒரு தடவைதான் சொல்வேன்.

முப்பத்தோரு வருஷமா அதுல உக்காந்திருக்கேன். இந்த ஜில்லாவுல மாடு விலையிலிருந்து மழை வரைக்கும் எல்லாத்தையும் ஆம்பளைங்கதான் பேசித் தீர்ப்பாங்க, பொம்பளைங்க நாங்க காப்பி ஊத்தணும். அந்த ஒரு இடத்துலதான் நான் விரலை அசைக்கிற வரைக்கும் ஆயிரம் பேர் வாயைப் பொத்திக்கிட்டுக் காத்திருப்பாங்க. என் வீட்டுக்காரர் பெர்ன் கடைசியா சவாரி பண்ணினப்ப ஏழு புள்ளி ஒன்பதுல விழுந்தாரு. பத்துல ஒண்ணு. பொண்டாட்டிதானே மேல இருக்கா, விட்டுக்குடுத்திருவான்னு ஊரே நினைச்சுது. நான் அழுத்தல. ரெண்டு நாள் பேசாம சாப்பிட்டாரு, மூணாம் நாள் உப்பு கேட்டாரு. நீ தப்பு பண்ணிட்டேன்னு சாகற வரைக்கும் ஒரு தடவைகூட சொல்லல. அது தப்பில்லன்னு அவருக்குத் தெரியும்.

இப்போ ஒரு குடைக்காரர் சொன்னதை வெச்சு என்னைக் கீழ இறக்கப் பாக்கறாங்க. ஹார்லன் தன் மச்சினனை அங்க உக்கார வைக்கணும்னு நாலு வருஷமா அலையறான்.

ஏழு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துப் பின்னறை. வரலைன்னா டெல் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்னிக்குக்கூட உங்க முகத்துல முழிக்கமாட்டேன். அவங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லைங்கறது வேற விஷயம்.

வெர்னா


மேப்ரி பண்ணை
2 ஆகஸ்ட்

சம்பந்தி,

அஞ்சுக்கு ரெண்டு, நாற்காலி எனக்கே. கமிட்டியில இருக்கற ஹார்லனும் அவன் மச்சினனும்தான் எதிர்ல. மாரிட் சொல்லியிருப்பா.

மூணு நாளா உங்களுக்கு எழுதணும்னு உக்காந்து, எழுந்து போய் வேலி சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். நன்றி சொல்லிப் பழக்கமில்ல.

நீங்க எழுந்ததும் நான் கண்ணை மூடிக்கிட்டேன். அந்தக் கம்பளித் தொப்பியை, ஜூலை மாசத்துல, ரெண்டு கையாலயும் பிழிஞ்சீங்க. முதல்ல, ரோடியோங்கறது படிச்சவங்க பார்க்கத் தகுந்ததில்லன்னு ஆரம்பிச்சீங்க. போச்சுடான்னு நினைச்சேன். அப்புறம் மூணு விரலை மடக்கிச் சொன்னீங்க. ஒண்ணு, நான் கதவு திறந்தப்பவே அழுத்திட்டேன். ரெண்டு, குதிரை காதை மடிச்சு ஒரு நொடி உள்ளேயே நின்னதை என் கண்ணால பார்த்தேன். மூணு, அந்த ஒரு நொடியைக் கழிச்சா வெர்னா அம்மா கணக்கு சரி. ஹார்லன் எழுந்து, "பார்த்தீங்களா, இல்ல கேள்விப்பட்டீங்களா?"ன்னு கேட்டான். நீங்க, "பார்த்தேன்"னீங்க. கஸ் ஹட்டோ வெளிய வந்து, "அந்த ஆளு பயத்துல செத்துக்கிட்டே உண்மையைச் சொன்னாரு, அவரை நம்பாம யாரை நம்பறது?"ன்னாரு.

டக்கர் கடைசியில வந்து எனக்குக் கை குடுத்தான். "பரவாயில்லம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கறேன்"னான். அவன் கை சில்லுன்னு இருந்துது.

இப்போ சொல்லப்போறதை டெல்கிட்டயும் சொல்லல, மாரிட்கிட்டயும் சொல்லல. வசந்தத்துலேர்ந்து என் இடது கண்ணுல புகை மாதிரி இருக்கு. காஸ்பர் டவுன்ல டாக்டர் புரைன்னாரு, அக்டோபர்ல ஆபரேஷன் பண்ணலாம்னாரு. வலது கண்ணும் சுமார்தான். மத்த கதவெல்லாம் தெரியும். நாலாம் கதவு கடைசியில இருக்கு, மத்தியானம் சூரியன் நேரா எதிர்ல. எனக்கு அங்க குதிரை தெரியல, புழுதிதான் தெரியுது. நாதாங்கி சத்தம் கேட்டா ஒரு மூச்சு விட்டு அழுத்துவேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம், தப்பாதுன்னு நினைச்சேன்.

டீக்கன் நின்னுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அதுதான் நிஜம். நின்னுதுன்னு உங்களுக்கு எழுதிட்டேன், ஏன்னா அந்தக் குதிரை பாதி நாள் அப்படித்தான் நிக்கும். எழுதின அன்னியிலேர்ந்து தூக்கமில்ல. அது நிக்காம வந்திருந்தா பையன் எட்டைத் தாண்டியிருக்கான், நான் அவன்கிட்டேர்ந்து திருடிட்டேன்னு அர்த்தம். செவ்வாய்க்கிழமை கூட்டத்துல எழுந்து நாற்காலி வேண்டாம்னு நானே சொல்லிடலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்க எழுந்து, பார்த்தேன்னீங்க. எனக்கு உயிர் வந்துது. நான் பார்க்காததை ஒருத்தர் பார்த்திருக்காரு, என் கை பழக்கத்துல சரியாத்தான் அழுத்தியிருக்கு.

அதனால செப்டம்பர் முதல் தேதி ரோடியோவுக்கும் நான்தான் உக்காரப் போறேன். உங்க கண்ணை நம்பி உக்காரறேன். இதுக்குமேல நன்றி சொல்ல வராது. எல்க் மான் கறி கொஞ்சம் டெல்கிட்ட குடுத்தனுப்பறேன், அதையாவது முகத்தைச் சுளிக்காம சாப்பிடுங்க.

வெர்னா


டன்லப் கிரீக்
5 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய வெர்னா அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்காம் முறை படித்தபோது மாரிட் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். கறியைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இதற்குப் பட்டியல் போட முயன்றேன், வரவில்லை. செய்யப்போவதை முதலில் சொல்கிறேன். காரணம் பிறகு. முறைப்படி பார்த்தால் இது தலைகீழ் வரிசை. காரணத்தை முதலில் எழுதினால் மீதியை எழுதும் துணிவு எனக்கு இருக்காது.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கஸ் ஹட்டோ தீவனக் கடையைத் திறப்பார். அங்கே போய், தொப்பியைக் கழற்றிவிட்டு, அவரிடம் ஒன்றைச் சொல்லப் போகிறேன். டக்கர் ப்ரூயிட்டிடமும் சொல்வேன். அவன் சனிக்கிழமைகளில் அங்கே மூட்டை ஏற்றுகிறான் என்று டெல் சொன்னார். என்னைப் பற்றி மட்டுமே பேசுவேன். உங்கள் கண்ணைப் பற்றி யார் கேட்டாலும் ஒரு வார்த்தை வராது. அது உங்களுடையது. சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

இதனால் உங்கள் நாற்காலி போகலாம் என்று எனக்குத் தெரியும். அதைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்பதும் தெரியும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்று இரவுகள். நீங்கள் பெர்னின் கதையை எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எளிதாக வரக்கூடிய ஒன்று.

ரோடியோ பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அது மட்டமான கேளிக்கை. குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் அநியாயம். அந்தக் கோமாளியை நாடு கடத்த வேண்டும். ஆனால் இந்த ஒரு மாதத்தில் இவ்வூரில் நடந்தவற்றுள் மிக மட்டமான காரியத்தைச் செய்தவன் ஆட்டின் மேல் ஏறவில்லை. கம்பளித் தொப்பி வைத்திருந்தான்.

பண்ணையிலிருந்து கடைக்குப் போகும் பாதை எங்கள் வீட்டைக் கடந்துதான் போகிறது. எட்டரைக்கு நான் வாசலில் நிற்பேன். நீங்களும் அன்று அங்கே சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால் வண்டியை நிறுத்துங்கள், ஏறிக்கொள்கிறேன். நிறுத்தாமல் போனாலும் வருத்தமில்லை. முக்கால் மைல்தான், நடந்துவிடுவேன்.

இனிக் காரணம். நேரம் எடுப்பவன் பந்தயத்தைப் பார்ப்பதில்லை, முள்ளைப் பார்க்கிறான். முப்பத்தாறு ஆண்டுகளும் அப்படித்தான். நாதாங்கிச் சத்தம் கேட்டு அழுத்தினேன், குனிந்து முள் ஓடத் தொடங்கிவிட்டதா என்று சரிபார்த்தேன். நிமிர்ந்தபோது டீக்கன் திடலின் நடுவில் இருந்தது. மடிந்த காதுகளை உங்கள் பதினேழாம் தேதிக் கடிதத்தில்தான் கண்டேன். நீங்கள் பார்த்தீர்கள் என்று நம்பியதால், நானும் பார்த்ததாகச் சொல்வதில் குற்றமில்லை என்று எண்ணிக்கொண்டேன். ஹார்லன் கேட்டபோது இல்லையென்று சொல்லியிருக்கலாம். அறை முழுவதும் என் பதிலுக்குக் காத்திருந்தது.

கூட்டத்தில் நான் சொன்ன மூன்றில் இரண்டாவது தவறு.

ஐவின்ட்